வெயிலில் தோற்ற நிரல்

சென்ற மே மாதம் நல்ல கணினி நிரல் ஒன்றைத் தூக்கி எறிந்துவிட்டேன். அப்படிச் செய்யவைத்தது வேலூர் சத்துவாச்சாரி வெயில்.

ஆற்காட்டில் ஓர் அரிசி ஆலைக்குக் கணக்கு நிரல் எழுதிக்கொடுத்திருந்தேன். பத்து வருட வரவு செலவை வாசித்துப் பாக்கிப் பட்டியல் போடும், பைதான் மொழியில் எழுதியது. காலையில் ஓட்டியபோது 41 விநாடி. முற்பகல் முழுக்க உட்கார்ந்து தேடும் பகுதியை மாற்றி எழுதினேன். மதியச் சாப்பாடு முடித்து ஓட்டினால் 52 விநாடி! எரிச்சலில் அழித்துவிட்டு, ஒரு சந்தேகத்தில் பழையதை மறுபடி ஓட்டினேன். 61. அதில் ஓர் எழுத்தைக்கூட நான் தொடவில்லை.

மொட்டைமாடிக்கு நேர் கீழே என் அறை. கத்திரியில் சுவரைத் தொட்டாலே சுடும். சூடு எல்லை மீறினால் மடிக்கணினியின் மூளையான சில்லு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். குளிர்ந்திருக்கும்போதோ, டர்போ என்று சற்று நேரம் பாய்ந்து ஓடும். நான் நிரலை அளந்ததாக நினைத்தேன். அளந்தது அறையின் சூட்டை.

போதாக்குறைக்கு மின்வெட்டு. பேட்டரிக்கு மாறியதும் கணினி சிக்கனம் பிடிக்கிறது. முதல் ஓட்டத்தில் கோப்பு வட்டிலிருந்து மெதுவாக வரும். இரண்டாவதில் நினைவகத்திலேயே இருக்கும். அதனால் முதல் ஓட்டத்தை இப்போது கணக்கில் சேர்ப்பதில்லை.

சிறுவயதில் லாங் பஜாரில் நெய் வாங்கப் பாட்டி அழைத்துப்போவார். கடைக்காரர் எங்கள் தூக்கைக் காலியாகத் தராசில் வைத்து, எதிர்த்தட்டில் கல்லும் புளியங்கொட்டையுமாகப் போட்டு, முள் நேராக நின்ற பிறகுதான் நெய்யை ஊற்றுவார். அதுவரை பாட்டியின் கண் முள்ளை விட்டு நகராது. நான் முள்ளைப் பார்க்காமலே நெய்யை நிறுத்திருக்கிறேன்.

ஆகவே முதலில் தராசு. என் கணினியின் இயங்குதளமான லினக்ஸில் சில்லின் வேகக் கட்டுப்பாட்டை, முழு வேகத்திலேயே வைக்கும் ‘பெர்ஃபார்மன்ஸ்’ நிலைக்கு மாற்றி, டர்போவை அணைத்தேன். பழைய நிரல் 66 விநாடிக்குப் போய்விட்டது. பரவாயில்லை, மதியம் ஓட்டினாலும் அதே 66. மணி பார்ப்பதற்குப் பைதானின் டைம்.டைம் என்ற கடிகாரத்தைப் பயன்படுத்தியிருந்தேன், இணையத்திலிருந்து நேரம் திருத்தப்பட்டால் அது முன்னே பின்னே குதிக்கும். 2012இல் வந்த பைதான் 3.3 முதல் இதற்கென்றே, அப்படிக் குதிக்காத பெர்ஃப்_கவுண்டர் இருக்கிறது. இத்தனை வருடம் அதை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

நிரலின் சின்னச் சின்னத் துண்டுகளை அளப்பதற்குப் பைதானிலேயே இருக்கும் டைமிட். ஒன்றும் சொல்லாவிட்டால் பத்து லட்சம் முறை ஓட்டும். அத்தனை முறை சுற்றுவதற்கே ஒரு செலவு உண்டு. எதுவுமே செய்யாத ‘பாஸ்’ கட்டளையை மட்டும் வைத்து ஓட்டினால் அது தெரியும். அதுதான் காலித் தூக்கு. இன்னொரு வேடிக்கை: பயன்படுத்தி முடித்த நினைவகத்தை விடுவிப்பதைக் குப்பை அள்ளுவது என்பார்கள், அளக்கும்போது டைமிட் அதை நிறுத்திவைத்துவிடுகிறது. என் நிரலின் பாதி வேலையே குப்பை போடுவதுதான் என்பதால், அதைத் திரும்ப முடுக்கிவிட்டேன்.

பிறகு செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. பழைய நிரலுக்கே இரண்டு பெயர் வைத்து ஒன்றோடொன்று மோதவிட்டேன். தராசைச் சரிசெய்வதற்கு முன் இந்த இரட்டையர்களுக்குள்ளேயே 7 விநாடி வித்தியாசம் வந்தது; அந்த லட்சணத்தில் எதை வென்றது, எதைத் தோற்றது என்று சொல்வது? சரிசெய்த பின் ஒரு விநாடிக்குள் அடங்கியது.

அழித்த நிரலை நினைவிலிருந்து மறுபடி எழுத இரண்டு நாள் பிடித்தது. பழையது, புதியது, பழையது, புதியது என்று மாற்றி மாற்றி இருபது முறை ஓட்டி, வரிசைப்படுத்தி நடுவில் நிற்கும் எண்ணை எடுத்தேன். சராசரி வேண்டாம், நடுவில் ஒருமுறை வைரஸ் சோதனை ஓடினாலே கெட்டுவிடும். பழையது 66, புதியது 56.

ஆலைக்குப் போய்ப் பத்து விநாடி மிச்சம் என்று பெருமையாகச் சொன்னேன். கணக்குப்பிள்ளை பட்டியலை அச்சுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தார்.

“இந்தப் பிரிண்டர் சூடாக இரண்டு நிமிடம் ஆகிறதே தம்பி, அதற்கு ஏதாவது வழி உண்டா?”