போன்லயே டெஸ்க்டாப் சைட் போட்டு எக்ஸாம் பீஸ் கட்டுன கதை

மதுரையில அழகர் ஆத்துல எறங்குற அன்னிக்கு கோரிப்பாளையம் பக்கம் பிரவுசிங் சென்டர் தொறந்திருக்கும்னு நெனச்சா நீங்க கண்டிப்பா வெளியூர்தான். எங்க சித்தி பொண்ணு பாப்பாவுக்கு தொலைதூரக் கல்வி எக்ஸாம் பீஸ் கட்ட கடைசி நாள் அன்னிக்குன்னு பார்த்து வந்துச்சு. ஏ.வி. பாலம் பக்கமெல்லாம் தலையா தெரியுது, வண்டி எடுத்துட்டு மாட்டுத்தாவணி பக்கம் போகலாம்னா செல்லூர விட்டே வெளிய வர முடியல, வீட்டுல கம்ப்யூட்டர் கெடையாது. அவ போனத் தூக்கிட்டு வந்து "அண்ணே இதுல அந்த டிக் பண்ற கட்டமே வரமாட்டேங்குது, என்னன்னு பாருங்க"ன்னு நிக்கிறா.

வாங்கிப் பார்த்தா பேப்பர் கோடு, பேப்பர் பேரு, செமஸ்டர் வரைக்கும் தெரியுது, அதுக்கு அங்கிட்டு டேபிள் அப்படியே வெட்டுப்பட்டு நிக்குது. வெரல வச்சு இழுத்தாலும் நகரல. எந்த பேப்பர் எழுதுறோம்னு டிக் பண்ற கட்டம் கடைசியில இருக்கு, அதுதான் திரைக்கு வெளிய போயிருச்சு. மேல வேற சின்ன எழுத்துல "கணினியில் திறக்கவும்"னு போட்டிருக்கான். கணினி இருந்தா நாங்க ஏன்யா இதக் கட்டிட்டு அழறோம்.

ஆண்ட்ராய்டு குரோம்ல வலது மேல மூணு புள்ளி இருக்குல்ல, அதத் தொட்டு கீழ போனா "டெஸ்க்டாப் தளம்"னு ஒரு டிக் இருக்கும். பலபேர் அதத் தாண்டியே போயிருப்பாங்க, தொட்டிருக்க மாட்டாங்க. அத டிக் பண்ணதும் பக்கம் ஒருதடவ ரீலோடு ஆகும். பாப்பா அதுக்குள்ள அட்ரஸ், பின்கோடு எல்லாம் டைப் பண்ணி வச்சிருந்தா, அம்புட்டும் போயிருச்சு, மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டா. அதனால நீங்க யாராவது இதப் பண்றதா இருந்தா லாகின் பக்கத்துலயே டிக்க போட்டுட்டு அப்புறம் ஃபார்முக்குள்ள போங்க.

இந்த டிக் என்ன பண்ணுதுன்னா ரெண்டு வேலை. ஒண்ணு, பிரவுசர் அந்த சைட்டுகிட்ட தன்னப் பத்தி சொல்லும்போது ஆண்ட்ராய்டு போன்னு சொல்லாம லினக்ஸ் (விண்டோஸ் மாதிரி ஒண்ணு) ஓடுற கம்ப்யூட்டர்னு சொல்லிக்கும். ரெண்டாவது, பக்கத்த போன் அகலத்துக்கு அடுக்காம 980 பிக்சல் அகலம் இருக்குற மாதிரி வச்சு வரைஞ்சு அதச் சுருக்கி திரைக்குள்ள அடைக்கும். அந்த 980 கணக்கு 2007ல மொத ஐபோனோட பிரவுசர் சபாரியில வந்தது, இன்னும் அதுதான் ஓடிக்கிட்டு இருக்கு. நம்ம டேபிள் முழுசா வந்ததுக்கு காரணம் இந்த ரெண்டாவதுதான்.

ஆனா மேல மெனு மட்டும் மூணு கோடாவே நின்னுச்சு, கம்ப்யூட்டர்ல வர்ற மாதிரி வரிசையா விரியல. பாப்பா "அண்ணே இன்னும் மாறலண்ணே"ங்குறா. அது வேற சங்கதி. நெறைய சைட்டுங்க பூட்ஸ்ட்ராப்னு ஒரு ரெடிமேட் அச்ச வச்சு கட்டுறாங்க, அதுல பெரிய திரைன்னு கணக்கு 992 பிக்சல்ல இருந்துதான் ஆரம்பிக்குது, நம்மகிட்ட இருக்குறது 980. பன்னெண்டு பிக்சல்ல போச்சு! போனப் படுக்க வச்சாலும் அது மாறாது, எழுத்துதான் கொஞ்சம் பெருசாத் தெரியும். என்னக் கேட்டா அந்த மூணு கோடே மேல், ஏன்னா நெறைய கம்ப்யூட்டர் மெனுவுல மவுசக் கொண்டுபோய் மேல வச்சாத்தான் விரியும், வெரலுக்கு அது சரிப்பட்டு வராது.

போனப் படுக்க வச்சு, ரெண்டு வெரலால விரிச்சு விரிச்சு ஒவ்வொரு பேப்பரா டிக் பண்ணோம். கீபோர்டு வந்தா பாதித் திரை காலி, எந்தக் கட்டத்துல டைப் பண்றோம்னே தெரியாது, அதுக்கு மட்டும் போன நிமித்திக்கிட்டோம். போட்டோ 50 கேபிக்குள்ள கேட்டான், அது முன்னாடியே சின்னதாக்கி வச்சிருந்தா, கேலரியில இருந்து வழக்கம்போல ஏறிருச்சு.

ஓடிபி வந்தப்பதான் பயம். பழைய 2 ஜிபி ரேம் போன், பிரவுசர விட்டு மெசேஜுக்குப் போயிட்டு வந்தா பக்கம் மறுபடி மொதல்ல இருந்து லோடு ஆகிரும். அதனால மெசேஜத் தொறக்காம மேல இருந்து நோட்டிபிகேஷன லேசா இழுத்து நம்பர மட்டும் பார்த்து மனசுல வச்சுக்கிட்டு அடிச்சோம். பேங்க் பக்கமும் பொடிப்பொடியாத்தான் வந்துச்சு, எழுத்து தெரியலன்னு அங்க போய் டெஸ்க்டாப் டிக்க எடுத்துறாதீங்க, ரீலோடு ஆகி பணம் போச்சா போகலையான்னு தெரியாம ஒரண்டை இழுத்துரும். விரிச்சே பார்த்துக்கங்க.

பணம் போயிருச்சு, ரசீதக் காணோம். திரையில பார்த்தா பாப்-அப் தடுக்கப்பட்டதுன்னு ஒரு வரி நிக்குது, ரசீது புது ஜன்னல்ல வர்றதால குரோம் நிறுத்தி வச்சிருக்கு. அதத் தொட்டு காட்டச் சொன்னதும் பிடிஎஃப் எறங்கிருச்சு.

அப்ப சித்தி உள்ள இருந்து ஓடி வருது, "டேய் யாரோ பாப்பா மெயிலுக்குள்ள பூந்துட்டாண்டா, லினக்ஸாம்ல, யார்றா அவன்?"னு. சித்தி போன்லயும் அவ மெயில்தான் ஓடுது. ரிஜிஸ்டர் நம்பர் தேடுறதுக்காக பாப்பா அதே குரோம்ல டெஸ்க்டாப் டிக்கோட ஜிமெயில்ல நுழைஞ்சிருக்கா, புதுசா ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டர் உள்ள வந்திருக்குன்னு எச்சரிக்கை போயிருச்சு. அந்த லினக்ஸ்காரன் உங்க மகதான் சித்தின்னு புரிய வைக்கிறதுக்கு பீஸ் கட்டுனத விட நேரமாச்சு.

முடிஞ்சதும் டிக்க எடுத்து விட்டேன். இப்ப குரோம் ஒவ்வொரு தளத்துக்கும் இத ஞாபகம் வச்சுக்குது, எடுக்காம விட்டா அடுத்த தடவ போனாலும் பொடி எழுத்தாவே வரும். செட்டிங்ஸ்ல தள அமைப்புகளுக்குள்ள டெஸ்க்டாப் தளம்னு தனியா இருக்கு, எதெதுக்கு போட்டிருக்கோம்னு அங்க பார்த்து எடுத்துக்கலாம். சிலர் அனுப்புற லிங்க்ல முகவரியிலயே மொதல்ல எம் டாட்னு (m.) இருக்கும், அதுக்கு டிக் போட்டாலும் சில சைட்டுல மொபைல் பக்கமேதான் வரும், அந்த எம்மையும் புள்ளியையும் கையால அழிச்சுட்டு எண்டர் அடிக்கணும்.

சாயங்காலம் பாப்பாவோட கூட்டாளி ஒருத்தி போன் போட்டா, அவளுக்கும் அதே கட்டம் தெரியலையாம், ஐபோன் வச்சிருக்கா. அதுல சபாரியில முகவரிப் பட்டையிலயே ஓரமா ஒரு சின்ன ஐகான் இருக்கும், அதத் தொட்டா டெஸ்க்டாப் வெப்சைட்டக் கேக்குற ஆப்ஷன் வரும்னு சொன்னேன். ஐபேடா இருந்தா பெரும்பாலும் இந்தத் தொல்லையே இல்ல, 2019ல இருந்து அது தானாவே கம்ப்யூட்டர் பக்கத்தத்தான் கேக்குது. "வந்துருச்சுண்ணே"ன்னா, ஓடிபிக்கு மெசேஜத் தொறக்காதன்னு மட்டும் சொல்லி வச்சுட்டேன்.