அங்குலம் அங்குலமாக

அக்டோபர் 6
இன்றைய சீனப் பாடத்தில் ஒரு நான்கெழுத்துத் தொடர்: கான் சாங் சுன் துவான். ஈரலும் குடலும் அங்குலம் அங்குலமாக அறுந்தன என்று பொருள். பிரிவுத் துயரில் துடிப்பவர்களைப் பற்றிச் சொல்வது. 'பெற்ற வயிறு பற்றி எரிகிறது' என்று கேட்டு வளர்ந்தவனுக்கு உரை தேவைப்படவில்லை. துயரத்தை வயிற்றில் வைக்கிற மொழி எனக்கு ஒன்றுவிட்ட உறவு.

அக்டோபர் 7
எழுதிப் பழகினேன். ஈரல், குடல் இரண்டுக்கும் இடப்பக்கம் ஒரே வடிவம். நிலா என்று நினைத்திருந்தேன், தசையாம். அறுப்பதைக் குறிக்கும் எழுத்தின் வலப்பக்கம் கோடரி. ஆறாம் தடவையும் என் கோடரி சாய்ந்தே விழுந்தது.

அக்டோபர் 9
கதை அகப்பட்டது. 5ஆம் நூற்றாண்டில் லியூ யிச்சிங் பெயரில் தொகுக்கப்பட்ட 'ஷிஷுவோ சின்யூ'வில் இருக்கிறது. கி.பி. 346இல் தளபதி ஹுவான் வென், ஷூ நாட்டைப் பிடிக்க யாங்சி ஆற்றின் மூன்று பள்ளத்தாக்குகள் வழியே படகுகளில் போகிறார். படையாள் ஒருவன் கிப்பன் என்னும் வாலில்லாக் குரங்கின் குட்டியைப் பிடித்துக்கொள்கிறான். தாய் அலறிக்கொண்டே கரையோடு நூறு லீ (சீனத் தூர அளவு) தாண்டியும் தொடர்கிறது; இன்றைய கணக்கில் 40 கிலோமீட்டருக்குக் குறையாது. கடைசியில் படகுக்குள் பாய்கிறது. பாய்ந்த கையோடு உயிர் போய்விடுகிறது. வயிற்றைக் கிழித்துப் பார்த்தால் குடல் துண்டு துண்டாகக் கிடக்கிறது. (ஈரல் இந்தக் கதையில் இல்லை.)

அவ்வளவு தூரம் அழுதுவந்து செத்ததன் வயிற்றிலும் யாரோ கத்தி வைத்திருக்கிறான். அவனை நினைத்தால் தூக்கம் வரவில்லை. அவன் கிழிக்காதிருந்தால் இந்தக் கதையும் இல்லை.

அக்டோபர் 10
சேதி கேட்ட ஹுவான் வென் கோபம் கொண்டு, குட்டியைப் பிடித்தவனை வேலையிலிருந்து நீக்கிவிட்டார். ஒரு நாட்டையே விழுங்கப் போகிறவருக்கு வந்த இரக்கம்! அடுத்த ஆண்டே விழுங்கியும்விட்டார்.

அந்நூலில் இறந்தோருக்கு இரங்கவென்றே ஓர் அதிகாரம் உண்டு, பதினேழாவது. இந்தக் கதை அதில் இல்லை. இருபத்தெட்டாவதில், பதவி பறிபோனவர்கள் வரிசையில் இருக்கிறது. தொகுத்தவருக்கு இது ஒரு படையாளின் வேலை போன செய்தி.

அக்டோபர் 12
குறுந்தொகை 69ஆம் பாட்டின் மந்தி நினைவுக்கு வந்தது. கடுவன் இறந்ததும் அது குட்டியைச் சுற்றத்திடம் ஒப்படைத்துவிட்டுத்தான் மலையிலிருந்து பாய்கிறது. யாங்சிக்கரைத் தாய்க்கு ஒப்படைக்கக் கையில் குட்டி இல்லை.

மூலத்தை மறுபடி எழுத்தெழுத்தாகப் படித்தேன். தளபதியின் கோபம் வரை எல்லாம் இருக்கிறது. குட்டி என்ன ஆயிற்று என்று மட்டும் ஓர் எழுத்துகூட இல்லை.