மூன்றாவது அல்லேலூயா

வியாழக்கிழமை பின்னேரம் பள்ளிக்கூடம் விட்டு வந்து, தேத்தண்ணி குடித்த கையோடு மேசையில் இரண்டு சாமான்களை எடுத்து வைப்பேன். ஒன்று, அந்த வருடத் திருவழிபாட்டு நாள்காட்டி. மற்றது, முதுகு கிழிந்து துணி ஒட்டிய ஒரு சீ.ஆர். கொப்பி. மட்டக்களப்பு நகரில் ஒரு பங்கின் பாடகர் குழாமை 18 வருடமாக நான் பொறுப்பாக நடத்திவருகிறேன். இடையில் கொப்பி மூன்று தரம் மாறிவிட்டது, எழுதும் முறை மாறவில்லை. திகதி, எந்த ஞாயிறு, வருகைப் பாடல், பதிலுரைப் பாடல், காணிக்கை, நற்கருணை, இறுதிப் பாடல், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எத்தனை கட்டைச் சுருதி, அதாவது எந்த உயரத்தில் பாடுவது, என்ற எண். கடைசிக் கட்டத்தில் ஒரு சரி, அல்லது ஒரு கோடு. சனம் சேர்ந்து பாடினால் சரி. நாங்கள் மட்டும் பாடினால் கோடு.

அந்தக் கடைசிக் கட்டத்தை எனக்குப் போடவைத்தவர் ஓர் அம்மம்மா.

கல்லடியில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் சங்கீதம் படித்துவிட்டு வந்த புதிது. குழாம் என் கைக்கு வந்த முதல் வருடக் கோயில் திருவிழாவுக்கு ஒன்பது பாட்டு, ஒன்பதும் புதிது. இரண்டு மாதம் பழகினோம். வயலின், தபேலா, கீபோட், பெண்பிள்ளைகள் இரண்டு குரலில். ஒரு இடம்கூடப் பிசகவில்லை. பூசை முடிந்து வயர் சுருட்டிக்கொண்டு நின்றபோது ஆட்கள் வந்து கைகொடுத்துவிட்டுப் போனார்கள். கடைசியாக மூன்றாம் வாங்கு அம்மம்மா வந்தார். ஒவ்வொரு நாள் காலைப் பூசைக்கும் அதே வாங்கில் அதே மூலையில் இருப்பவர்.

“மனே, பாட்டெல்லாம் நல்லா இரிந்திச்சி. ஆனா எங்களுக்கு வாயில ஒண்டும் இல்லாமப் பெய்த்து. நான் சின்னவளா இரிக்கக்குள்ள பூசை லத்தீனில. மேல நிண்டு அவங்க பாடுவாங்க, நாங்க கீழ செபமாலை சொல்லிக்கிட்டு இரிப்பம். பிறகுதான் எங்கட பாசையில பூசை வந்து, எங்களுக்கும் பாட்டுத் தந்தாங்க. நீ அதைத் திரும்ப எடுத்துப்போட்டாய்.”

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4ஆம் திகதி வெளியிட்ட திருவழிபாட்டுச் சாசனத்தை நான் படித்திருந்தேன். மக்கள் முழுமையாக, உணர்ந்து, செயலூக்கத்தோடு பங்கெடுக்க வேண்டும் என்று அதில் இருப்பதைக் கூட்டங்களில் எடுத்துச் சொல்லியும் இருக்கிறேன். அந்த வரி ஒரு மனுசியின் வாய்க்குள் என்ன செய்தது என்பதை அன்றைக்குத்தான் கேட்டேன்.

அதற்குப் பிறகு என் வேலையின் ஒழுங்கு மாறியது. முதலில் பாட்டுப் புத்தகத்தைத் திறப்பதில்லை. நாள்காட்டியில் அந்த ஞாயிறுக்குரிய மூன்று வாசகங்களையும் வாசிப்பேன். ஞாயிறு வாசகங்கள் மூன்று வருடச் சுற்றில் வருவதால், மூன்று வருடத்துக்கு முன் இதே ஞாயிறுக்கு என்ன செய்தேன் என்று கொப்பியைப் புரட்டலாம். வாசகத்திலிருந்து முதலில் எடுப்பது பதிலுரைப் பாடல். மற்றப் பாட்டுகளை நாம் தெரிவு செய்கிறோம், இது வாசகத்தோடு சேர்ந்து வருவது. ஒருவர் திருப்பாடலின் வரிகளைப் பாட, சனம் ஒரே ஒரு வரியைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். இந்தப் பாட்டை நடத்துவது கஷ்டம் என்று பல பங்குகளில் சொல்லக் கேட்டிருக்கிறேன். எங்களுடைய ஊர் கூத்து ஊர். அண்ணாவியார் ஒரு வரியை எடுத்துக் கொடுக்க, பிற்பாட்டுக்காரர் அதை வாங்கிப் பாடுவதை வடமோடியிலும் தென்மோடியிலும் விடிய விடியக் கேட்டு வளர்ந்த சனம் இது. எடுத்துக் கொடுக்கிறவர் வரியின் கடைசிச் சொல்லில் குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, அந்த இடத்தைச் சனத்துக்கு விட்டுவிட வேண்டும். அவ்வளவுதான். குரலை நீட்டி அலங்காரம் பண்ணினால் சனம் ரசித்துக்கொண்டு இருந்துவிடும்.

நற்கருணைப் பாடலுக்கு நான் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். நற்கருணை வாங்க ஓர் ஆளுக்கு நாலு விநாடி. 300 பேர், இரண்டு வரிசை என்றால் 150 தரம் நாலு, 600 விநாடி. பத்து நிமிசம். அந்தப் பத்து நிமிசத்துக்கு ஒரு நீளப் பாட்டைப் பிடித்தால் சனம் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் போக வேண்டி வரும். கையை ஏந்தி ஆண்டவரை வாங்கப் போகிறவர்களுக்குப் புத்தகம் எதற்கு? ஆகவே பல்லவி சின்னதாக, மனப்பாடமாக வரும் பாட்டு. சரணத்தைக் குழாம் பாடும், பல்லவி சனத்துக்கு. காணிக்கைப் பாடலுக்குக் கணக்கு இல்லை, கண்தான். ஃபாதர் கை கழுவத் திரும்பும்போது பாட்டு இறங்க வேண்டும். பீடத்தில் அவரைக் காத்திருக்கவைத்து நாங்கள் மூன்றாம் சரணம் பாடிய நாட்களை நினைத்தால் இப்போதும் மனம் கூசுகிறது. “தூயவர், தூயவர்” என்பதற்கு மட்டும் வருடக்கணக்கில் ஒரே மெட்டு. பங்கில் இளைஞர்கள் வேறு மெட்டுக் கேட்டுப் பலமுறை வந்தார்கள். அது சனத்துக்குரிய இடம், அதில் நான் கை வைக்கவில்லை.

புதுப் பாட்டு மாதத்துக்கு ஒன்று. அதையும் பூசை தொடங்கமுதல் ஐந்து நிமிசம் சனத்தோடு பழகுவோம். அதுவும் கோயிலுக்குள் கால் வைத்தவுடன் செபிக்க விரும்புகிறவர்களுக்கு இடைஞ்சல்தான், அதற்கு இன்னும் எனக்கு வழி தெரியவில்லை.

இவ்வளவு செய்தும் கோடுகள் குறையவில்லை. தெரிந்த பாட்டு, பழகிய பாட்டு, ஆனாலும் பாதியில் சனம் நின்றுவிடும்.

2019 ஏப்ரல் 20, சனிக்கிழமை இரவு, பாஸ்கா திருவிழிப்பு, உயிர்ப்பு விழாவுக்கு முந்திய இரவுப் பூசை. தவக்காலம் முழுவதும் அல்லேலூயா பாடுவதில்லை. நாற்பது நாளுக்கு மேல் வாயில் எடுக்காத அந்தச் சொல், திருவிழிப்பில் நற்செய்திக்கு முன் திரும்பி வரும். குருவானவர் அதை மூன்று தரம், ஒவ்வொரு தரமும் சுருதியை ஒரு படி உயர்த்திப் பாட, ஒவ்வொரு தரமும் மக்கள் பதில் பாட வேண்டும். அதற்கு முன், “உன்னதங்களிலே” என்ற புகழ்ப் பாட்டுத் தொடங்கும்போது எல்லா விளக்கும் எரிந்து, மணி அடித்து, எங்கள் ட்ரம்ஸும் சேர்ந்து, வெளியில் வெடியும் கொளுத்துவார்கள். அன்றைக்கும் அப்படித்தான். மறுநாள் காலைப் பூசை முடித்து, சாமான்களை அலுமாரிக்குள் வைத்துக்கொண்டிருக்கும்போது அந்தச் சத்தம் கேட்டது. ட்ரான்ஸ்போமர் வெடித்ததாக நினைத்தோம். பிறகு அம்புலன்ஸ்கள். சீயோன் தேவாலயத்தில் குண்டு என்று சொன்னார்கள். பிள்ளைகள் என்று சொன்னார்கள். என் வகுப்புப் பிள்ளைகளின் முகங்கள் ஒவ்வொன்றாக வந்து போயின.

2020 உயிர்ப்பு விழாவுக்கு ஊரடங்கு. கோயில் பூட்டிக் கிடந்தது.

ஆகவே 2021இல் திருவிழிப்புக்குப் பாட்டுத் திட்டம் போட உட்கார்ந்தபோது, அந்த இரவுக்குப் பிறகு சனம் கூடும் முதல் திருவிழிப்பு அது. பழைய பக்கத்தைத் திறந்தேன். “ட்ரம்ஸ், முழுச் சத்தம்” என்று என் கையெழுத்தில் இருந்தது. வெடி வேண்டாம் என்று பங்குச் சபை முன்பே தீர்மானித்திருந்தது. ட்ரம்ஸ் வேண்டாம் என்று நான் சொன்னேன். மணியையும் முதலில் பீடத்துச் சின்ன மணி, பிறகு கோபுர மணி என்று ஒழுங்குபடுத்தக் கேட்டேன், ஃபாதர் சம்மதித்தார். எங்களோடு வாசிக்கும் அங்கிள் ஒருவர் இருக்கிறார். பறங்கியர் சமூகம், தச்சு வேலை, கல்யாண வீடுகளில் கஃப்ரிஞ்ஞா ஆட்ட இசை வாசித்து வளர்ந்த வயலின் கை. அவரிடம் “அங்கிள், நீங்க மட்டும் தொடங்குங்க” என்றேன். இருட்டுக்குள் ஒற்றை வயலின் எழும்ப, சின்ன மணி அடிக்க, விளக்குகள் முன்னிருந்து பின்னுக்கு ஒவ்வொன்றாக எரிந்தன. நாலாம் வாங்கில் ஒரு தாய் பிள்ளையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்த கையை மெதுவாகத் தளர்த்தினார். அதைப் பார்த்தேன். இசையில் நான் செய்த எதையும்விட அந்த நிமிசத்துக்கு நான் நன்றி சொல்கிறேன்.

ஆனால் அல்லேலூயா எழும்பவில்லை. ஃபாதருக்கு இரண்டு கட்டையில் சுருதி கொடுத்தேன். முதல் தரம் சனம் பாடியது. இரண்டாம் தரம் பாதிப் பேர். மூன்றாம் தரம் நாலரைக் கட்டைக்கு ஏறியபோது குழாத்துப் பெண்பிள்ளைகளின் குரல் மட்டும் கேட்டது. கொப்பியில் கோடு போட்டு, காரணம் என்ற இடத்தில் “முகக்கவசம்” என்று எழுதினேன். துக்கம் என்றும் நினைத்தேன், எழுதவில்லை.

அடுத்த வருடத் தவக்காலத்தில் கரண்ட் இல்லாத காலம் வந்தது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு அறிவித்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரச் சிலுவைப்பாதை. 14 நிலைகளில் நாலாவதை முடித்து அடுத்ததுக்கு நகரும்போது, பாட்டின் நடுவரியில் கரண்ட் போனது. கீபோட் நின்றது, மைக் நின்றது. பெண்பிள்ளைகள் திகைத்து நின்றுவிட்டார்கள். மெழுகுதிரி வெளிச்சத்தில் காலடிச் சத்தம் மட்டும்.

அப்போது மூன்றாம் வாங்கிலிருந்து அம்மம்மா விட்ட வரியை எடுத்தார். எண்பதைத் தாண்டிய குரல், நடுங்கியது. எங்களுடைய சுருதியை அவர் எடுக்கவில்லை, தன் தொண்டைக்கு வந்த இடத்தில் எடுத்தார். இரண்டாவது வரியில் பக்கத்து வாங்குகள் சேர்ந்தன. பின்னால் கதவடியில் நிற்கும் ஆம்பிளைகள், என் கொப்பிக் காலம் முழுவதும் வாய் திறக்காதவர்கள், அவர்களும் சேர்ந்தார்கள். ஐந்தாம் நிலைக்குப் போவதற்குள் கோயில் முழுக்க ஒரே குரல்.

நான் ஃபோனை எடுத்து, சுருதி காட்டும் செயலியைத் திறந்து பார்த்தேன். ஒரு கட்டை. எங்கள் தாளில் அந்தப் பாட்டு இரண்டரைக் கட்டை. இரண்டரையில் பாடினால் அந்தப் பாட்டின் உச்ச சுரமான மேல் ரிஷபம் எங்கே போய் நிற்கும் என்று சங்கீதம் படித்த எனக்குத் தெரியாதா? குழாத்தின் குரல் மினுங்கும் இடத்தில் சுருதியை வைத்து, சனத்தின் தொண்டை நிற்கும் இடத்தை இவ்வளவு வருடமும் நான் கேட்கவே இல்லை. பதினாலாம் நிலையில் அது இன்னும் அரைக் கட்டை இறங்கியிருந்தது. யாரும் பாட்டை விடவில்லை.

அன்றிரவு மெழுகுதிரி வைத்து மூன்று கொப்பிகளையும் விரித்தேன். கோடு போட்ட வரிகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டு போனேன். ஏறக்குறைய எல்லாம் உச்சத்துக்கு ஏறும் பாட்டுகள், பக்கத்தில் இரண்டரை, மூன்று, நாலு. பதில் என் கையெழுத்திலேயே இருந்திருக்கிறது. அடுத்த வியாழன் கீபோட் தம்பியிடம் சுருதி மாற்றும் ட்ரான்ஸ்போஸ் பட்டனைக் கீழ்ப்பக்கம் மூன்று தரம் அழுத்தச் சொன்னேன். “சேர், எங்கட குரல் அடங்கிப்போகுமே” என்று ஒரு பிள்ளை கவலைப்பட்டாள். அவள் சொன்னது சரி. அந்த இழப்பு அவர்களுக்கு உண்மையானது. அதற்காக, சனம் நற்கருணை வாங்கி அமர்ந்த பிறகு குழாம் தனியாகப் பாடும் ஒரு பாட்டை அவர்களுக்கென்றே வைத்தேன். அங்கே அவர்கள் எவ்வளவு உயரமும் போகலாம்.

2022 ஏப்ரல் 16, திருவிழிப்பு. ஃபாதருக்கு ஆறரைக் கட்டையில், கீழ் ஸ்தாயியில், அதாவது ஒரு கட்டைக்கும் கீழே, சுருதி கொடுத்தேன். “இவ்வளவு கீழயா?” என்று கண்ணால் கேட்டார். தலையாட்டினேன். முதல் அல்லேலூயா நிலத்தோடு நிலமாக எழும்பியது, சனமும் அப்படியே பதில் சொன்னது. இரண்டாவது ஒரு கட்டைக்கு ஏறியது. மூன்றாவதை ஃபாதர் இரண்டு கட்டையில் பாடி முடிக்க, நான் குழாத்துக்குக் கையை உயர்த்தமுதலே பின்வாங்குகளிலிருந்து பதில் வந்துவிட்டது. அங்கிள் வில்லை நரம்பிலிருந்து எடுத்துவிட்டு, வாசிக்காமல் பாடிக்கொண்டு நின்றார். மூன்றாம் வாங்கு மூலையில் அம்மம்மாவின் வாய் அகலத் திறந்திருந்தது.

வீட்டுக்கு வந்து கொப்பியைத் திறக்கும்போது சாமம் ஒரு மணி. அல்லேலூயாவுக்கு நேரே 6½, 1, 2 என்று எழுதிச் சரி போட்டேன். பிறகு பின்னுக்குப் புரட்டி, 2021ஆம் வருடப் பக்கத்தில் “முகக்கவசம்” என்று எழுதியிருந்ததை வெட்டினேன்.