கோழி குஞ்சு பொரிக்கும்வரை வண்டியைத் தொடக்கூடாது

பெரியப்பாவின் பழைய டாடா மொபைல் 206 பிக்கப் வண்டியை முப்பதாயிரத்துக்கு விலை பேசி முடித்து, புது ஸ்பேனர் செட்டோடு உடுமலைப் பக்கம் தோட்டத்துக்குப் போய் இறங்கினேன். வண்டிக்குள் ஆள் இருந்தது. டிரைவர் சீட்டில் பஞ்சு பிய்ந்துபோன பள்ளத்தில் ஒரு கோழி அடை உட்கார்ந்திருந்தது.

"இன்னும் பன்னெண்டு நாள் இருக்குது கண்ணு. அது வரைக்கும் வண்டிய ஆட்டப்படாது" என்றார் பெரியம்மா.

இருபத்தோரு நாள் கணக்கில் ஒன்பது நாள்தான் முடிந்திருந்தது. வண்டியோ ஒன்பது வருஷமாகத் தென்னமட்டைக்கு நடுவில் நிற்கிறது. பன்னிரண்டு நாளில் என்ன குடிமுழுகிவிடப் போகிறது என்று கோழிக்குத் தொந்தரவு இல்லாமல் பின்பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன்.

இதற்கு முன் நான் கழற்றி மாட்டிய பெரிய இயந்திரம் மிக்ஸி. அதிலும் மாட்டியது இன்னொருவர். ஆனாலும் இந்த வண்டிமேல் சின்ன வயதிலிருந்தே ஒரு ஆசை. 1988-ல் டெல்கோ வெளியிட்ட பிக்கப் இது. டெல்கோ என்ற பெயர் டாடா மோட்டார்ஸ் என்று மாறியதே 2003-ல்தான். 1991-ல் வந்த டாடா சியரா கார் இந்த வண்டியின் அடித்தளத்தில் உருவானதுதான். இதை ஊரில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். "அப்படியா, தேங்காய் எத்தனை புடிக்கும்?" என்று கேட்டார்கள்.

என் மனதில் இருந்த வண்டி வேறு. மங்கலான கறுப்பு, இடுப்பு உயரத்துக்குச் சக்கரம், முன்னால் காளைக் கொம்பு மாதிரி கம்பி, மேலே வரிசையாக ஆறு விளக்கு. கூகுளில் தேடித்தேடி நாற்பது படம் சேர்த்து வைத்திருந்தேன். அதை மெக்கானிக் அண்ணனிடம் காட்டியபோது பொறுமையாக ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துவிட்டு ஒவ்வொன்றையும் கழித்துக்கட்டினார். முன் கம்பியா? 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு தடை போட்டாயிற்று. பெரிய சக்கரமா? மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு. கம்பெனி கொடுத்த அளவை மாற்றக்கூடாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. சரி, கறுப்பாவது? ஆர்.சி.யில் வெள்ளை என்று இருக்கிறது, முதலில் ஆர்.டி.ஓ. ஆபீசில் எழுதிக் கொடுத்து மாற்ற வேண்டும். கடைசியில் என் விருப்பத்துக்கு மிஞ்சியது சீட் கவரும் பாட்டுப் பெட்டியும்தான். சீட் கோழியிடம் இருந்தது.

துருவைக் கண்டுபிடிக்க ஒரு சின்ன வித்தை உண்டு. பழைய ஸ்பீக்கர் காந்தத்தைத் துணியில் சுற்றி பாடிமேல் வைத்துக்கொண்டே போக வேண்டும். தகடு இருந்தால் ஒட்டும், துருவை மறைக்கப் பட்டி பூசியிருந்தால் நழுவும். நான் வைத்தேன். நழுவியது. ஒரு சாண் தள்ளி வைத்தேன், நழுவியது. கதவுக்குக் கீழே வைத்தபோது காந்தம் என் காலிலேயே விழுந்தது. ஸ்க்ரூடிரைவரால் தட்டினால் பட்டி மாதிரியும் சத்தம் வரவில்லை, டொக் டொக் என்று சுவர் மாதிரி கேட்கிறது. கொஞ்சம் சுரண்டினேன். சிமெண்டு. கிணற்று மேடை கட்டும்போது மிச்சமான கலவையில் பெரியப்பா வண்டியையும் பூசியிருக்கிறார். டிங்கரிங் செய்கிறவர் வந்து பார்த்துவிட்டு, "தம்பி, இதுக்கு என்னைவிடக் கொத்தனாருதான் சரி" என்றார். உளியை வைத்து உடைத்தெடுத்ததில் முக்கால் சட்டி தேறியது. அந்த இடத்துக்கெல்லாம் புதுத் தகடு வெட்டி வெல்டிங் வைத்தோம்.

பன்னிரண்டாம் நாள் ஏழு குஞ்சுகளோடு கோழி இறங்கியது. கேபினுக்குள் போனேன். வயரிங்கில் பாதியை எலி தின்றிருந்தது. ஏர் ஃபில்டர் டப்பாவைத் திறந்தால் பெரியம்மாவின் பழைய சேலைத் துண்டு ஒன்று கூடாக இருந்தது. காணாமல் போன சேலைக்காக அந்தக் காலத்தில் வேலைக்காரம்மாவோடு பேச்சுவார்த்தையே நின்றுபோயிருந்ததாம். கரையைப் பார்த்ததும் பெரியம்மா எதுவும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார்.

வயரிங்கை நானே இழுத்தேன். பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் எரிந்தது. இண்டிகேட்டர் போட்டால் பின் விளக்கு மூச்சு வாங்கியது. மூன்று நாள் வரைபடம் போட்டு வயர் வயராகப் பிரித்தேன். ரிலேயை மாற்றினேன், சுவிட்சை மாற்றினேன். கடைசியில் மானத்தை விட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால், அவர் சட்டைப் பையிலிருந்து அரை பிளேடு எடுத்தார். பின் விளக்கின் ஸ்க்ரூவைக் கழற்றி, அது உட்காரும் இடத்தில் என் புதுப் பெயிண்டைக் காசு அகலத்துக்குச் சுரண்டினார். திரும்ப மாட்டினார். எல்லாம் சரி. விளக்குக்கு வந்த கரண்ட் ஸ்க்ரூ வழியாகத்தான் பாடிக்கு எர்த் ஆகிப் போக வேண்டும்; நான் ஆசை ஆசையாக மூன்று கோட் அடித்து அதை அடைத்திருந்தேன். "பெயிண்டிங் நல்லா இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு இருநூறு ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். அது பாராட்டா என்று இன்னும் விளங்கவில்லை.

கிளட்ச், பிரேக், ரேடியேட்டர் எல்லாம் அண்ணன் பார்த்தார். பணம் போனது தவிர அதில் சொல்ல ஒன்றுமில்லை.

ஸ்டார்ட் செய்த அன்று டீசல் லைனில் ஏர் எடுக்கும் வேலையை மட்டும் என்னிடம் விட்டார். ஃபில்டர் மேல் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தி, கைப்பம்பை அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் நுரை, அப்புறம் குமிழி, அப்புறம் டீசல் மட்டும் வழியும்போது இறுக்க வேண்டும். கட்டை விரல் வீங்கும் வரை அமுக்கினேன். ஹீட்டர் பிளக் சூடாகும்வரை சாவியைப் பிடித்து, செல்ஃப் அடித்தால், நாலாவது முறை வண்டி ஒரு செருமல் செருமிப் பிடித்துக்கொண்டது. தோட்டம் முழுக்க வெள்ளைப் புகை. பக்கத்துத் தோட்டத்துச் சாளை வீட்டிலிருந்து ஐந்தாறு பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடி வந்து புகைக்குள் குதித்தன. கொசு மருந்து வண்டி என்று நினைத்துவிட்டன. கண்ணீர் வந்தது எனக்கு, புகையாலும்தான்.

எஃப்.சி.யும் ஒரு வழியாக ஆனது. வெள்ளை பெயிண்ட், காப்பிக்கொட்டை நிறத்தில் ரெக்சின் சீட், பின்னால் எண்ணெய் தேய்த்த வேப்பம் பலகை. மெருகேற்றி, மெதுவாக டீக்கடை வரை ஓட்டிப் போய் எல்லார் கண்ணிலும் படும்படி நிறுத்தினேன். வேட்டி கட்டிய ஒருவர் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து வந்தார். வண்டியை ஒரு சுற்று சுற்றினார். பலகையைத் தடவிப் பார்த்தார். டயரைக் குனிந்து பார்த்தார். நான் சியரா கதையைச் சொல்லத் தொண்டையைச் சரிசெய்தேன்.

"நாளைக்கு வெள்ளென ரெண்டு எருமை ஏத்தோணும். வாடகை எவ்வளவுங்க?"

கோபம்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் சட்டைப் பையில் இருந்த செலவுக் கணக்கு நோட்டு உறுத்தியது.

"எண்ணூறுங்க" என்றேன்.

பேரம் பேசி அறுநூற்றைம்பதுக்கு முடிந்தது. அஞ்சு மணிக்கு வண்டி எடுக்க வேண்டும். அதற்கு முன்னால் கோழியை இறக்கிவிட வேண்டும். நேற்றிலிருந்து புது ரெக்சின் சீட்டில்தான் படுக்கை.