கதை குடுத்துக்கொண்டு இரு

வலி நிவாரணக் கிளினிக்குக்கு மாற்றம் கிடைத்து நான் போன முதல் நாள், பெரிய மிஸி எனக்குச் சொல்லித்தந்த வேலை ஒன்றுதான். "டொக்டர் ஊசி போடேக்கை ஆளோடை கதை குடுத்துக்கொண்டு இரு. வாய் மூட விடாதை."

சத்திர சிகிச்சை வார்ட்டில் பதினொரு வருடம் நின்றுவிட்டுப் போனவள் நான். இதுவும் ஒரு வேலையா என்று மனதுக்குள் சிரித்தேன். பயந்த சனத்தை ஆறுதல்படுத்தச் சொல்கிறா என்றுதான் நினைத்தேன். விஷயம் வேறு.

நரம்பைச் சுற்றிப் போடும் ஊசியில் லிக்னோகேயின் அல்லது புபிவகேயின் என்ற விறைப்பு மருந்து இருக்கும். சிலருக்குக் கொஞ்சம் ஸ்டீரொய்டும் சேர்ப்பார்கள். மருந்து நரம்பைச் சுற்றி நின்றால் நோ அடங்கும். தவறி இரத்தக் குழாய்க்குள் போனால் மூளைக்கும் இதயத்துக்கும் ஏறிவிடும். ஏறும்போது பெரும்பாலும் வாய்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். உதடும் நாக்கும் விறைக்கும், வாயில் இரும்பு நக்கின மாதிரி ருசி வரும், காது இரையும், பேச்சுக் குழறும். வலிப்பு அதற்குப் பிறகு. எங்கள் தள்ளுவண்டியின் கீழ்த்தட்டில் 20 சதவீதக் கொழுப்புக் கரைசல் ஒரு போத்தல், பால் மாதிரி வெள்ளையாக, அந்த ஒரு ஆபத்துக்காகவே இருக்கிறது. இன்றுவரை அதை உடைக்க நேரவில்லை. ஆனாலும் காலையில் வந்தவுடன் அதன் காலாவதித் திகதியைப் பார்க்காமல் வேறு வேலை தொட மாட்டேன்.

லிக்னோகேயின் பிறந்த கதையும் நாக்கில்தான் தொடங்குகிறது. 1930களில் சுவீடனில் ஹொல்கர் ஏர்ட்மன் என்ற வேதியியலாளர், தான் தயாரித்த ஒரு பொருளை நாக்கில் வைத்துப் பார்த்தார். நாக்கு விறைத்துப்போனது. அந்த நுனியைப் பிடித்துக்கொண்டு போய்த்தான் 1943இல் நில்ஸ் லோஃப்கிரன் லிக்னோகேயினைச் செய்தார். ஆய்வுகூடத்தில் எதையும் வாயில் வைக்காதே என்று எங்களுக்குப் படிப்பித்தார்கள். அந்த மனிசன் அதைக் கேட்டிருந்தால் எங்கள் பாடு என்னவோ!

சரி, கதைக்கு வருவோம். குருநகரில் இருந்து ஒரு ஐயா வந்தார். நாற்பது வருடம் வலை இழுத்த தோள், இப்போது கையைத் தலைக்கு மேலே தூக்க முடியாது, சட்டை போட மகன் வேண்டும். தோள்பட்டைக்குப் பின்னால் ஓடும் நரம்புக்கு ஊசி. ஸ்கான் கருவியின் திரையில் சாம்பல் நிறமாகத் தசையும், அதற்குக் கீழே வெள்ளைக் கோடாக எலும்பும் தெரிந்தன. ஐயா கழுத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது மீன் பாக்கிற மிசினெல்லோ பிள்ளை" என்றார். டொக்டர் சிரித்ததில் ஊசியைக் கொஞ்சம் நிறுத்தவேண்டி வந்தது. பிறகு முதலில் சிரிஞ்சைப் பின்னுக்கு இழுத்து, இரத்தம் வரவில்லை என்று கண்டு, கொஞ்சம் கொஞ்சமாக மருந்தை விட்டார். எலும்புக்கு மேலே கறுப்பாக ஒரு குளம் விரிவது திரையில் தெரிந்தது. நான் எந்தப் பருவத்தில் எந்த மீன் படும் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அவர் சொன்னது எதுவும் என் நினைவில் இல்லை. நான் கேட்டது மீனை அல்ல, அவருடைய நாக்கை.

ஆனால் வருடக்கணக்காக நாக்கைக் கேட்டுக்கொண்டிருந்தால் கதையும் காதில் விழத்தான் செய்யும். எங்களிடம் ஒரு படிவம் இருக்கிறது. 0 என்றால் நோ இல்லை, 10 என்றால் தாங்கவே முடியாத நோ. நோயாளி ஒரு இலக்கம் சொல்லவேண்டும். எங்கள் சனத்திடம் இலக்கம் கேட்டால், "அதை எப்பிடி மிஸி சொல்லுறது, நோகுது" என்பார்கள். ஆனால் கதைக்க விட்டால் எல்லாம் வரும். உளையுது, கடுக்குது, எரியுது, விண் விண் எண்டுது, கறண்ட் அடிச்ச மாதிரி சுள்ளெண்டு இழுக்குது. உளைவு என்பவருக்குப் பெரும்பாலும் மூட்டிலோ தசையிலோ பிரச்சினை. எரிவும் கறண்டும் சேர்ந்து வந்தால் நரம்பு என்று யோசிக்கலாம். அக்கி வந்து மாறின பிறகும் விலாவில் எரிவு நிற்கிற ஒரு ஆச்சி, "சட்டை படக்கூடாது, காத்துப் படக்கூடாது" என்றா. அதற்கு இலக்கம் எதற்கு? அந்தப் பெட்டிக்குள் ஏதோ ஒன்றை எழுதத்தான் வேண்டும், எழுதுகிறேன். ஓரத்தில் அவர்கள் சொன்ன சொல்லையும் சேர்த்து எழுதுவேன். ஆச்சிக்குச் சீனி வருத்தமும் இருந்தது. ஸ்டீரொய்ட் போனால் சில நாளுக்குச் சீனி ஏறும், பார்த்துக்கொள்ளுங்கோ என்று மகளுக்கு மூன்று தரம் சொல்லி அனுப்பினேன்.

கதை நின்றதால் ஒருமுறை பிழையும் விட்டேன். முழங்கால் நோவோடு வந்த ஒரு அம்மாவுக்குத் தொடை நரம்புக்கு ஊசி. நோவோடு சேர்ந்து தொடைத் தசையின் பலமும் சில மணித்தியாலத்துக்குப் போய்விடும் ஊசி அது. சொல்லியும் இருந்தேன். ஆனால் ஊசி முடிந்துவிட்டது, ஆள் நல்லாய்த்தான் இருக்கிறா என்று நான் திரும்பிக் கொப்பி எழுதத் தொடங்கினேன். அவவுக்கு ஒரு மணி பஸ்ஸின் யோசனை. நோ இல்லை, அப்போ கால் நல்லது என்று எழும்பியிருக்கிறா. முழங்கால் துணி மாதிரி மடிந்தது. சத்தம் கேட்டுத் திரும்பினேன், கைப்பை ஒரு பக்கம், குளுசைப் பெட்டி ஒரு பக்கம், அவ நிலத்தில். நல்ல காலம், முழங்கை உரசினதோடு போயிற்று. "நோகேல்லை பிள்ளை, நீ பயப்பிடாதை" என்று என்னை ஆறுதல்படுத்தினா. நோகாததுதானே பிரச்சினை. அன்றிலிருந்து ஊசி போட்டவர் வீட்டாளின் கையைப் பிடித்து வாசல் தாண்டும்வரை என் கதை நிற்காது.

இன்னொருவர், சைக்கிள் திருத்துகிறவர். 2009இல் போரில் செல் விழுந்து வலது கால் முழங்காலுக்குக் கீழே போனது. செயற்கைக் காலோடு நல்லாய் நடப்பார். நோவதோ இல்லாத பாதம். "விரலெல்லாம் மடங்கி இறுகிக் கிடக்கு மிஸி. விரிக்க ஏலாது. விரிக்கிறதுக்கு விரலும் இல்லை." குளுசையில் முழுதாக அடங்கவில்லை, அதனால் தொடைக்குப் பின்னால் ஓடும் பெரிய நரம்புக்கு ஊசி போட்டுப் பார்ப்போம் என்றார் டொக்டர். இப்படியான நோவுக்கு ஊசி எல்லாருக்கும் கேட்காது, கேட்டாலும் நிற்கும் என்று உறுதி இல்லை. அதை முதலே சொல்லிவிட்டோம்.

பதினொரு மணிக்குப் போட்டது. ரிம் நெளிந்தால் எப்படி எடுப்பது என்று கேட்டேன், கம்பி கம்பியாக விளக்கிக்கொண்டு வந்தார். இருபது நிமிடம் போயிருக்கும், நடுவில் பேச்சு நின்றது. எனக்கு நெஞ்சு பக்கென்றது. "அண்ணை, நாக்குத் தடிக்குதோ?" என்று கேட்டுக்கொண்டே மொனிட்டரைப் பார்த்தேன். அவர் போர்வையில் கால் இல்லாமல் தட்டையாகக் கிடந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லை மிஸி. விரல் விரிஞ்சிட்டுது."

அடுத்த மாதம் வந்தபோது, நோ எப்போது திரும்பியது என்று கேட்டேன். அது டொக்டருக்குத் தேவை. விடிய நாலு மணிக்கு, கண் முழித்த கையோடு விரல் மடங்கத் தொடங்கியது என்றார். 17 மணித்தியாலம் என்று கொப்பியில் எழுதினேன். அவர் எட்டிப் பார்த்தார்.

"நித்திரை ஏழு மணித்தியாலம் எண்டும் எழுதுங்கோ."