1.84 என்று வந்த விடை

இளங்கலை இயற்பியல் இறுதியாண்டு ஆய்வுத் திட்டத்துக்கு நான் முதலில் எழுதிக் கொடுத்த தலைப்பு, அண்டக் கதிர்களின் தோற்றம் பற்றியது. அதைப் படித்த வழிகாட்டிப் பேராசிரியர், "இதில் எதை அளக்கப் போகிறாய்?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. இரண்டு வாரங்களில் அந்தத் தலைப்பு சுருங்கி, மியூவான்களின் (அண்டக் கதிர்கள் வளிமண்டலத்தில் மோதுவதால் பிறந்து, விரைவில் சிதைந்துவிடும் துகள்களின்) சராசரி ஆயுட்காலத்தை ஆய்வகத்தில் இருந்த கருவியைக் கொண்டு அளப்பது என்றானது.

கருவி எளிமையானது: துகள் பாயும்போது மினுங்கும் உருளை வடிவப் பிளாஸ்டிக் சிண்டிலேட்டர் ஒன்று, அந்த மினுக்கத்தை மின் துடிப்பாக மாற்ற அதனோடு பொருத்திய போட்டோமல்டிபிளையர் குழாய் ஒன்று. கடல் மட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டர் கிடைப்பரப்பில் நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு மியூவான் வந்து விழுகிறது. பெரும்பாலானவை ஊடுருவிப் போய்விடும். ஆற்றல் குறைந்த சில மட்டும் சிண்டிலேட்டருக்குள்ளேயே நின்று சிதையும். நிற்கும்போது ஒரு மினுக்கம், சிதைவில் பிறக்கும் எலெக்ட்ரானால் இன்னொரு மினுக்கம். இரண்டுக்கும் இடைப்பட்ட நேரத்தைக் கணினி பதிவு செய்யும். அந்த மியூவான் அதற்கு முன் எவ்வளவு நேரம் பறந்து வந்தது என்பது கணக்கிலேயே வராது, ஏனெனில் அடுக்குக்குறிச் சிதைவில் பழையது, புதியது என்ற வேறுபாடு கிடையாது. வகுப்பில் எழுதித் தேர்ச்சி பெற்ற இந்தச் செய்தி, கருவியின் முன் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உண்மையில் புரிந்தது.

எங்கள் கருவியில் நிமிடத்துக்கு ஒரு சிதைவு கிடைப்பதே பெரிது. எண்ணிக்கையின் வர்க்கமூலம்தான் அதன் பிழை என்பதால், 1 விழுக்காட்டுத் துல்லியத்துக்கு 10,000 சிதைவுகள் வேண்டும். அதாவது, கருவி ஒரு வாரம் இடைவிடாமல் ஓட வேண்டும். ஆகவே ஒவ்வொரு தவறும் ஒரு வாரத்தை விழுங்கியது.

முதல் வாரம் அப்படித்தான் போனது. பகலில் துடிப்பு எண்ணிக்கை கூடி, இரவில் குறைந்தது. குழாய்க்குக் கொடுக்கும் உயர் மின்னழுத்தத்தில்தான் கோளாறு என்று முடிவுகட்டி இரண்டு நாள் மல்லுக்கட்டினேன். "விளக்கை அணைத்துப் பார்த்தாயா?" என்று கேட்டார் பேராசிரியர். அணைத்ததும் எண்ணிக்கை சட்டென்று இறங்கியது. கம்பி உள்ளே நுழையும் இடத்தில் கருப்பு டேப் ஒரு நகக்கண் அளவுக்கு எழும்பியிருந்தது. அதன் வழியே ஒளி கசிந்து, தொடர்பில்லாத துடிப்புகளெல்லாம் இணை இணையாகப் பதிவாகிக்கொண்டிருந்தன.

டேப்பை மாற்றி எடுத்த தரவில் விடை 1.84 மைக்ரோ வினாடி என்று வந்தது. ஏற்கப்பட்ட மதிப்பு 2.197. பதிவான நேரங்களின் வரைபடத்தை உற்றுப் பார்த்தபோது முதல் மைக்ரோ வினாடிக்குள் மட்டும் புள்ளிகள், அவற்றுக்குப் பொருத்திய சிதைவு வளைகோட்டுக்கு மேலே குவிந்திருந்தன. அவை பின்துடிப்புகள்: குழாயில் எஞ்சியிருக்கும் வாயு அயனியாகி எதிர்மின்வாயில் போய் மோதும்போது எழும் பொய்த் துடிப்புகள். வளைகோட்டைப் பொருத்தத் தொடங்கும் நேரத்தைச் சிறிது சிறிதாகத் தள்ளிக்கொண்டே போனேன். 1 மைக்ரோ வினாடியைத் தாண்டியதும் விடை 2.12-இல் நிலைத்தது, பிழை 0.03.

அப்போதும் 2.197 வரவில்லை என்று மனம் சோர்ந்தேன். ஆனால் அது, பொருள் எதிலும் சிறைப்படாத மியூவானுக்கு உரிய மதிப்பு. எதிர்மின் மியூவான்களில் ஒரு பகுதியைச் சிண்டிலேட்டரில் உள்ள கார்பன் அணுக்கருக்கள் கவர்ந்துகொள்வதால், அவற்றின் ஆயுள் ஏறத்தாழ 2.03 ஆகக் குறைகிறது. நேர்மின் மியூவான்கள் சற்றே அதிகமாக உள்ள அந்தக் கலவைக்கு 2.12 பொருத்தமான விடைதான். அதைக் கணக்கிட்டுப் பார்த்த மாலைப்பொழுதுதான் அந்த ஆண்டிலேயே எனக்கு மிகவும் பிடித்தது. அறிக்கை எழுதியதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தாமதமாகத் தொடங்கினேன், அவதிப்பட்டேன்.

வாய்மொழித் தேர்வில் வெளித்தேர்வாளர் நேராக அந்த இடத்துக்கே வந்தார்: "1 மைக்ரோ வினாடியை ஏன் தேர்ந்தெடுத்தாய்? விடை சரியாக வருகிறது என்பதாலா?" தொடக்க நேரத்தை 0.5 முதல் 2.5 வரை மாற்றி வரைந்த படத்தைக் காட்டினேன். 1-க்குப் பிறகு எல்லாப் புள்ளிகளும் பிழைக் கோடுகளுக்குள் ஒரே மட்டத்தில் கிடந்தன. அவர் தலையாட்டிவிட்டு, பதிவேட்டை வாங்கி, 1.84 என்று எழுதியிருந்த பக்கத்தைத் தேடிப் படிக்கத் தொடங்கினார்.