போனை சைலன்ட்டில் போட்டால் போதுமா?

படிக்க உட்காரும்போது போனைக் கவிழ்த்து வைப்பதில் பெரிய பலன் இல்லை. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஏட்ரியன் வார்டு குழு 2017-இல் வெளியிட்ட ஆய்வில், போனை மேசையில் வைத்தவர்களைவிட வேறு அறையில் விட்டவர்களே சோதனையில் நன்றாகச் செய்தார்கள். ஆன், ஆஃப் என்பதில் வித்தியாசமில்லை. (பின்னால் வந்த சில ஆய்வுகளில் இதே முடிவு வரவில்லை. ஆனாலும் அறை மாற்றிப் பார்க்கச் செலவா என்ன?)

டைமரைப் போனில் வைக்காதீர்கள். அணைக்கப் போன கை அப்படியே ரீல்ஸுக்குள் போய்விடும். சுவர்க் கடிகாரம் போதும். முதலில் 25 நிமிஷம். ஓடிபி கேட்கும் வேலைகளை, கரண்ட் பில், டிக்கெட் எல்லாவற்றையும், கடைசியில் மொத்தமாக முடியுங்கள். நடுவில் "அதைத் தேடிப் பார்க்கணுமே" என்று தோன்றினால் பக்கத்தில் ஒரு துண்டுத்தாளில் குறித்துவிட்டுத் தொடருங்கள். பிறகு பார்த்தால் அதில் பாதி தேவையே இருக்காது.

பாதியில் விட்ட வேலை மனசை விட்டுப் போகாது. அடுத்த வேலையிலும் ஒட்டிக்கொண்டு வரும். ஆய்வாளர் சோஃபி லெராய் 2009-இல் ஆராய்ந்தது இதைத்தான். யாராவது கூப்பிட்டு எழுந்தே ஆக வேண்டுமென்றால், திரும்பி வந்ததும் செய்ய வேண்டியதை ஒரு வரி எழுதிவிட்டு எழுந்திருங்கள்: "4-ஆம் கணக்கு, இரண்டாவது படியில் குறி சரிபார்க்க."